பிரான்மலையில் பதிமூன்று குதிரைகள்

புதுவயல் சாலையில் மூடிக் கிடந்த
அரிசி மில் ஷெட்டுதான் என் டைனோ.
நெல் கொட்டிய குழியில் இப்போது இரண்டு உருளைகள்.
உமி ஊதிய காற்றாடியை மட்டும் மாற்றவில்லை.
ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து முடுக்கினால்
இன்றைக்கும் கொஞ்சம் தவிடு பறக்கும்.

அடைக்கப்பன் வந்தது அக்னி நட்சத்திரத்தில்.
வெள்ளைப் போலோ. பெரிய டர்போ, புது இன்ஜெக்டர்,
பம்பருக்கு வெளியே பல்லிளிக்கும் இன்டர்கூலர்.
கனெக்டிங் ராடு நாலும் மட்டும்
கம்பெனி போட்டு அனுப்பியதே.

“இருநூறு வரணும் ஆச்சி. தேவகோட்டையில சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில்
கையெழுத்துப் போட்ட மாதிரி.

நாலு பட்டையில் இழுத்துக் கட்டினோம்.
நூற்றி எழுபதில் பறக்கிறது வண்டி
ஓரங்குலம் நகராமல்.
தகரக் கூரை அதிர்ந்து
புறாக்கள் எல்லாம் வெளியே.

பூஸ்ட் ஒன்று புள்ளி நாலு.
சக்கரத்தில் நூற்றி எண்பத்தேழு.
மறுபடியும் அதே எண்பத்தேழு.
மூன்றாம் முறை எண்பத்து நாலு,
இன்டர்கூலர் சுட்டுவிட்டது, அவ்வளவுதான்.

“ஒண்ணு ஆறு வைங்க.”

பிளாக்கில் திருகிய மைக்கின் மறுமுனையை
காதில் மாட்டியிருந்த முசாபர்
ஒரு விரலைத் தூக்கினான்.
மணல் சட்டியில் முதல் பொரி வெடிக்கிற சத்தம் கேட்டால்
அவன் விரல்தான் உயரும்.
ஒன்று, பிறகு ஒன்று.
அதற்கு மேல் எண்ண ஆரம்பித்தால்
பிஸ்டனைத் தட்டில் அள்ள வேண்டும்.

டீ வாங்கப் போனான் அடைக்கப்பன்.
திரையில் திருத்தக் கட்டம் திறந்தே இருந்தது.
வெப்பம், ஈரம், காற்றழுத்தம்.
இங்கே மெலிந்த காற்று என்று ஒப்புக்கொண்டால்
இழப்புக்கு ஈடாக எண்ணைக் கூட்டித் தருகிற நல்ல மனசு
மென்பொருளுக்கு உண்டு.
டர்போ வண்டிக்கு அந்த ஈடே ஆகாது என்று
சண்டை போடுகிறவர்களும் உண்டு,
அதில் நானும் ஒருத்தி.

பிரான்மலை உச்சிவரை போக வேண்டியதில்லை.
முக்கால் மலை ஏறிய இடத்து அழுத்தத்தைத் தட்டினேன்.
புதுவயல் ஷெட், உருளை, காற்றாடி, முசாபர்
எல்லாரும் அறுநூறு மீட்டர் உயர்ந்தோம்.

இருநூறு புள்ளி மூன்று.

என் அப்பா ரங்கூன் கணக்கில் ஓரணா உதைத்தால்
ராத்திரி சாப்பிடாத ஆள்.
பிரிண்டர் தாளைத் துப்புகையில்
அவர் ஞாபகம் வந்தது, அடக்கிக்கொண்டேன்.
பொய் எண்ணால் ராடு வளையாது,
நிஜ பூஸ்ட்டால் வளையும்.
எது நாணயம் என்று அப்போது தோன்றியதைச் செய்தேன்.

தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டானாம்.
பந்தயக் காசில் புது டயரும்.

ஆடி மாசம் திரும்ப வந்தான்.
திருப்பத்தூர் ரோட்டில் விடிகாலை
தேவகோட்டைக் கறுப்பு வண்டி
இரண்டு வண்டி நீளம் முன்னால் போய்விட்டது.
அதன் தாளில் இருப்பது நூற்றித் தொண்ணூறுதான்.
“எங்கேயோ லீக்கு. பதிமூணு குதிரை காணாமப் போச்சு ஆச்சி, தேடிக் குடுங்க.
இல்லேன்னா ஒண்ணு ஆறுதான்.”

ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொன்றாய் முறுக்கிப் பார்த்தேன்,
எதுவும் தளர்ந்திருக்காது என்று தெரிந்தே.
அவை மலையில் புல் மேய்கின்றன.
ஏற்றிவிட்டவள் இங்கே
ஸ்பானரும் கையுமாய் நிற்கிறேன்.

முசாபர் என்னைப் பார்த்தான்.
பிறகு காதிலிருந்ததைக் கழற்றி
அடைக்கப்பன் தலையில் மாட்டினான்.

நான் கட்டத்தைத் திறந்தேன்.
அழுத்தம் ஆயிரத்து மூன்று. அன்றைய அசல்.
“கேளுங்க,” என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தேன்.

பொரி வெடித்தது.
அவன் விரல் தானாக உயர்ந்தது.

திரையை அவன் பக்கம் திருப்பினேன்.